ஆஃப்செட் ஃபீடர் செட்டிங்: காகித அடுக்கிலிருந்து லே வரை

ஆஃப்செட் அச்சு இயந்திரத்துக்குத் தாளை எடுத்துக் கொடுக்கும் பகுதி ஃபீடர். அதில் தாள் கோணலாக வந்தால் புதியவரின் கை நேராக ஃப்ரண்ட் லே (அச்சுக்குப் போகும் முன் தாளின் முன்விளிம்பை நிறுத்தி நேராக்கும் தடை) திருகுக்குப் போகும். இரட்டைத் தாள் வந்தால் காற்றைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் போகும். பெரும்பாலும் இரண்டுமே தவறான இடம். லேயில் தெரிகிற கோளாறு ஃபீட் போர்டில் (தாள் லேக்கு நகர்ந்து போகும் பலகை) தொடங்கியிருக்கும். போர்டில் தெரிவது சக்கர் தலையில் (காற்றால் தாளை உறிஞ்சித் தூக்கும் சக்கர்கள் உள்ள பகுதி) தொடங்கியிருக்கும். தலையில் தெரிவதோ அடுக்கி வைத்த காகிதத்திலேயே இருந்திருக்கும். அதனால் செட்டிங் செய்யும்போதும் கோளாறு தேடும்போதும் காகிதம் போகும் திசையிலேயே போங்கள்: அடுக்கு, காற்று, தலை, உருளை, டேப், லே. இந்த வரிசையை மாற்றினால் ஒரு கோளாறை மறைக்க இன்னொரு கோளாறை உண்டாக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

இங்கே சொல்வது ஸ்ட்ரீம் ஃபீடர் (தாள்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு அனுப்பும் வகை) உள்ள 19×26, 20×28, 28×40 அங்குல ஷீட்ஃபெட் (தனித்தனித் தாளில் அச்சடிக்கும்) ஆஃப்செட் இயந்திரங்களுக்கு. ஹைடெல்பெர்க் ஜிடிஓ போன்ற, தாளை ஒவ்வொன்றாக அனுப்பும் ஃபீடருக்குச் சில இடங்கள் மாறும்; அங்கங்கே சொல்லியிருக்கிறோம். சிவகாசியிலும் சென்னையிலும் ஓடும் இயந்திரங்களில் நிறைய வெளிநாட்டில் ஓடிவிட்டு இரண்டாம் கையாக வந்தவை. கையேடு இருக்காது, அளவுகோல் கோடுகள் தேய்ந்திருக்கும். கீழே வரும் மில்லிமீட்டர் கணக்குகள் அப்படிப்பட்ட இயந்திரத்தில் தொடங்குவதற்கான இடம். கையேடு இருந்தால் அதில் உள்ள அளவே இறுதி.

கை வைப்பதற்கு முன்

செட்டிங் எல்லாம் இன்ச்சிங்கில்தான், அதாவது பட்டனை அழுத்தி இயந்திரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தித்தான். ஓடும் இயந்திரத்தில் சக்கர் தலைக்குள் விரல் விடக்கூடாது. அது சின்ன உறுப்பாகத் தெரிந்தாலும் விரலை நசுக்கும் விசை உண்டு. தூக்கிய அடுக்குப் பலகைக்கு அடியில் தலையோ கையோ போகக்கூடாது. இருவர் வேலை செய்தால், பட்டனை அழுத்துபவர் குரல் கொடுத்து, மறுகுரல் கேட்ட பிறகே அழுத்த வேண்டும். கார்டு (பாதுகாப்பு மூடி) திறந்திருந்தால் அதன் சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அந்தச் சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தால் முதல் வேலை அதை அவிழ்ப்பது.

ஒரு தாள் எப்படிப் போகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் குமிழ்களைத் திருகுவதில் பயன் இல்லை. அடுக்கின் பின்விளிம்பில் உள்ள ப்ளோயர்கள் மேலே இருக்கும் சில தாள்களுக்கு இடையே காற்றை ஊதி அவற்றைப் பிரிக்கின்றன. தூக்கும் சக்கர்கள் இறங்கி, மேல் தாளின் பின்விளிம்பைப் பிடித்து உயர்த்துகின்றன. கூடவே எழ முயலும் இரண்டாம் தாளை ஸ்டீல் பட்டைகளும் பிரஷ்களும் தடுத்து நிறுத்துகின்றன. உடனே பிரஷர் ஃபூட் உயர்ந்த தாளுக்கு அடியில் நுழைந்து, மிச்ச அடுக்கை அழுத்திப் பிடித்து, மேல் தாளின் கீழே காற்றை ஊதுகிறது. தாள் முழுவதும் மிதக்கிறது. இப்போது முன்தள்ளும் சக்கர்கள் தாளை வாங்கிக்கொள்ள, தூக்கும் சக்கர்கள் விடுகின்றன. முன்தடுப்புத் தகடுகள் சாய்ந்து வழிவிட, தாள் இழுப்பு உருளைக்குப் போகிறது. மேலிருந்து சின்ன உருளைகள் விழுந்து அதைப் பிடிக்கின்றன. பிறகு டேப்கள் (போர்டில் ஓடும் நாடாக்கள்) லே வரை கொண்டுபோகின்றன.

தாளைப் பின்விளிம்பில் பிடிப்பதால், முந்தைய தாள் முழுவதும் போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த தாள் முந்தையதன் அடியில் நுழைந்து, மீன் செதில் போலப் போர்டில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நகர்கிறது. இதன் லாபத்தைக் கணக்கில் பாருங்கள். 28×40 இயந்திரத்தில் தாளின் ஓட்ட நீளம் சுமார் 72 செ.மீ. மணிக்கு 10,000 தாள் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 2.8 தாள். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தாள் வந்து லேயில் மோதும். படிந்து வரும்போது ஒரு சுற்றுக்கு 24 செ.மீ. நகர்ந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், வேகம் நொடிக்கு 67 செ.மீ. ஆகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு. தாள் லேயில் அமைதியாக நிற்பதும், ரிஜிஸ்டர் (அச்சுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவது) கிடைப்பதும் இந்த வேகக் குறைவால்தான்.

காகிதம்

ஃபீடர் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் அழைப்புகளில் பாதிக்கு மேல் காகிதக் கோளாறுதான் என்பது எங்கள் கணிப்பு. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் ஈரப்பதம். அச்சுக்கூடம் 20 முதல் 25 டிகிரி செல்சியஸும் 50 முதல் 55 சதவீத ஈரப்பதமும் இருந்தால் காகிதம் ஒழுங்காக நடந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த காகிதம் விளிம்பில் மட்டும் ஈரம் குடித்து நீளும், நடுப்பகுதி நீளாது. விளிம்பு அலை அலையாக நிற்கும். கோடையில் நேர்மாறு: விளிம்பு காய்ந்து சுருங்க, நடுவில் காகிதம் புடைக்கும். இரண்டிலும் தாள் லேயில் நேராகப் படியாது. சித்திரை, வைகாசியில் இன்னொரு தொல்லையும் சேரும்: வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குக் காற்றைக் கூட்டினால் தீராது. அறையில் ஈரப்பதம் ஏற்ற வேண்டும், அல்லது அடுக்கின் மேல் அயனியாக்கும் கம்பி பொருத்த வேண்டும். ஏசி அறையில் இயந்திரம் இருந்தால், காகிதத்தை உறை பிரிக்காமலே உள்ளே கொண்டுவந்து, குறைந்தது ஓர் இரவு வைத்திருந்து, ஏற்றும்போது மட்டும் உறையைப் பிரியுங்கள்.

இரண்டாவது, வெட்டு. கட்டிங் மெஷின் கத்தி மழுங்கியிருந்தால் வெட்டு விளிம்பில் பிசிறு வரும், பக்கத்துப் பக்கத்துத் தாள்கள் விளிம்பில் கோத்துக்கொள்ளும். எவ்வளவு ஊதினாலும் பிரியாமல் இரட்டைத் தாள் வருவதற்கு இது பெரிய காரணம். மூலை மட்டம் சரியா என்று பார்க்க, அடுத்தடுத்த இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றை இடம் வலமாகப் புரட்டி மற்றதன்மேல் வைத்து, முன்விளிம்பைச் சேருங்கள். பக்க விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், தெரிகிற விலகலில் பாதிதான் உண்மையான பிழை. ஆனால் அந்தப் பாதியே நான்கு வண்ண வேலைக்கு அதிகம்.

மூன்றாவது, நார் ஓட்டம். தாளின் நீளமான பக்கத்துக்கு இணையாக நார் ஓடினால், அதாவது சிலிண்டர் அச்சுக்கு இணையாக இருந்தால், ஈரத்தில் தாள் விரிவது ஓட்டத் திசையில்தான் அதிகம் இருக்கும். அதை இயந்திரத்தில் ஓரளவு சரிக்கட்டலாம். ஒரே வேலைக்கு இரண்டு நார்த் திசையிலும் காகிதம் கலந்து வந்தால் அதைப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டுங்கள்.

அடுக்குதல்

70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத அச்சுத்தாள் என்றால் ஒரு கைப்பிடி 2 முதல் 3 செ.மீ. கனம், அதாவது 200 முதல் 300 தாள். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து வளைத்து, விரல்களைத் தளர்த்தி, தாள்களுக்கு நடுவே காற்று புகவிட்டு, இரண்டு பக்கமும் தட்டிச் சேர்த்து வைக்க வேண்டும். ரீம் ரீமாகத் தூக்கி அப்படியே வைத்தால், ஒவ்வொரு ரீம் எல்லையிலும் ஒருமுறை இயந்திரம் நிற்கும். உறை பிரித்த ரீமின் மேல், கீழ்த் தாள்களில் மடிப்போ பசையோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பலகையில் வைக்கும்போது, அடுக்கு முன்தடுப்பில் முழுவதும் ஒட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டில் இடம் குறிப்பது முக்கியம்: தாள் லே அருகே வரும்போது சைடு லேயிலிருந்து (தாளைப் பக்கவாட்டில் இழுத்து நிறுத்தும் தடை) சுமார் 5 மி.மீ. விலகி இருக்கும்படி அடுக்கை நகர்த்தி வையுங்கள். சைடு லே இழுக்க வேண்டிய தூரம் அதுவே. அடுக்கு ஏற ஏற அந்த விளிம்பு செங்குத்தாக இருக்கிறதா என்று ஒரு மட்டப்பலகை வைத்துப் பார்க்கவும். மேலே 5 மி.மீ., கீழே 12 மி.மீ. என்று அடுக்கு சாய்ந்திருந்தால், முதல் ஆயிரம் தாள் நன்றாக ஓடி, பிறகு காரணம் தெரியாமல் சைடு ரிஜிஸ்டர் போகத் தொடங்கும்.

அடுக்கின் மேற்பரப்பு தட்டையாக இருக்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அந்த மூலையின் கீழே மரச் சில்லோ மடித்த அட்டையோ ஆப்பாகச் செருகுங்கள். போர்டு காகிதத்தில் (கனத்த அட்டையில்) இது கட்டாயம் வேண்டியிருக்கும். மேலே உள்ள தாளில் பின்விளிம்பு தட்டையாக இருப்பதே சக்கருக்கு முக்கியம். நடுவில் சிறிய வளைவு இருந்தால் ஓடிவிடும்.

அடுக்கின் உயரம்

அடுக்கின் மேல்மட்டம் முன்தடுப்புத் தகட்டின் உச்சியிலிருந்து ஏறக்குறைய 5 மி.மீ. கீழே இருப்பது நல்ல தொடக்கம்.  உயரம் கூடினால் ஊதும்போது மேல் தாள்கள் தடுப்பைத் தாண்டி முன்னே நழுவும், இரட்டையாகப் போகும். குறைந்தால் தாளின் முன்விளிம்பு தடுப்பில் இடித்து மடங்கும், அல்லது சக்கருக்கு எட்டாமல் விடும்.

இந்த உயரத்தை உணர்ந்து பலகையைத் தூக்கச் சொல்வது பிரஷர் ஃபூட். தாள் கனத்துக்கு ஏற்பத் தூக்கும் அளவும் மாற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 0.1 மி.மீ. தாள் மணிக்கு 10,000 ஓடினால் அடுக்கு ஒரு மணியில் ஒரு மீட்டர் கரைகிறது, நிமிடத்துக்கு சுமார் 17 மி.மீ. அதே இயந்திரத்தில் 0.4 மி.மீ. போர்டு மணிக்கு 8,000 ஓடினால் நிமிடத்துக்கு 53 மி.மீ. தூக்க வேண்டும். மெல்லிய தாளுக்கு வைத்த சின்னத் தூக்கல் அளவு போர்டுக்கு ஈடுகொடுக்காது. சில நூறு தாளில் அடுக்கு தாழ்ந்து மிஸ் ஆகும். போர்டுக்கு வைத்த பெரிய அளவில் மெல்லிய தாள் ஓட்டினால் ஒவ்வொரு தூக்கலிலும் அடுக்கு குதிக்கும்.

சக்கர் தலையும் காற்றும்

1. தலையைத் தாளின் பின்விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். பிரஷர் ஃபூட் அடுக்கின்மேல் சுமார் 10 மி.மீ. உள்ளே மிதிக்க வேண்டும். ஸ்டீல் பட்டைகள் 3 முதல் 5 மி.மீ. வரை விளிம்புக்கு மேலே நீட்டியிருக்கட்டும். மெல்லிய தாளுக்கு மெல்லிய பட்டை, போர்டுக்கு விறைப்பான பட்டை. அதிகம் நீட்டினால் முதல் தாளையே எழவிடாது.

2. தூக்கும் சக்கர்களின் உயரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ச்சிங்கில் கீழிறக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாள் துண்டு வைத்து இடைவெளியை ஒப்பிடுங்கள். மெல்லிய தாள் ஊதலில் எழும்பி வரும் என்பதால் அங்கே 4 முதல் 6 மி.மீ. இடைவெளி விடலாம். போர்டு எழும்பாது, சக்கர் கிட்டத்தட்டத் தொடும் அளவுக்கு இறங்க வேண்டும்.

3. ரப்பர் வளையம்: கனத்த தாளுக்கு அகலமான வளையம், மெல்லிய தாளுக்குச் சிறியது அல்லது வளையமே வேண்டாம். விளிம்பு பிளந்த ரப்பரை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. ஒரு பக்கத்தில் மட்டும் புதியது போட்டால் அந்தப் பக்கம் தாள் முந்திக்கொண்டு போகும், கோணல் வரும். ஜோடியாகவே மாற்றுங்கள்.

4. முதலில் ஊதலை வையுங்கள், பிறகு உறிஞ்சலை. ப்ளோயர் குமிழை முழுவதும் மூடிவிட்டுச் சிறிது சிறிதாகத் திறங்கள். மேலே உள்ள 5 முதல் 10 தாள்கள் மட்டும் விளிம்பில் தனித்தனியாகப் பிரிந்து நடுங்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு அங்குலம் கனத்துக்கு அடுக்கு உப்பினால் காற்று அதிகம்.

5. உறிஞ்சலைத் தாள் உறுதியாக எழும் குறைந்தபட்ச அளவில் வையுங்கள். தாளில் வட்டக் குழி விழுந்தாலோ, நுண்துளை அதிகமுள்ள தாளில் இரண்டாவது தாளும் ஒட்டிக்கொண்டு வந்தாலோ உறிஞ்சல் கூடிவிட்டது.

6. ஃபூட் ஊதலைத் தனியாகப் பாருங்கள். மேல் தாள் பின்னிருந்து முன்வரை ஓர் அலை போல மிதந்து எழ வேண்டும். பெரிய தாளில் முன்பகுதி மட்டும் அடுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தக் காற்று போதவில்லை. முன்தள்ளும் சக்கர் இழுக்கும்போது தாள் வழுக்கும், ஒரு தடவை சீக்கிரம் ஒரு தடவை தாமதம் என்று வரும்.

காற்று விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரட்டைத் தாள் வந்தவுடன் ஊதலையும் உறிஞ்சலையும் சேர்த்துக் கூட்டுவது பழக்கமாகிவிட்ட அச்சகங்கள் உண்டு. ஊதல் கூடினால் கீழ்த் தாள்களும் மிதந்து சக்கருக்கு எட்டும். உறிஞ்சல் கூடினால் அவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். அதாவது கூட்டக் கூட்ட இரட்டை அதிகமாகும். முதலில் ஊதலைக் குறைத்துப் பாருங்கள், பட்டையின் நீட்டத்தைப் பாருங்கள், அடுக்கை மறுபடி விசிறிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இருபது முப்பது தாள் ஓட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

குமிழ் முழுவதும் திறந்தும் காற்று போதவில்லை என்றால் குமிழைக் குறை சொல்லாதீர்கள். பம்ப் வடிகட்டி தூசியால் அடைத்திருக்கும், ஹோஸ் வெடித்திருக்கும், பம்புக்குள் சுழலும் கார்பன் தகடுகள் தேய்ந்திருக்கும், அல்லது சுழலும் வால்வில் காகிதத் தூள் படிந்திருக்கும். தேய்ந்த கார்பன் தகட்டை விட்டுவைத்தால் அது உள்ளே உடைந்து பம்பின் சுவரையே கீறிவிடும். தகட்டின் விலை பம்பின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

இரட்டைத் தாள் காவலன்

இயந்திர வகைக் காவலன் ஒரு சின்னச் சக்கரம். அடியில் போகும் கனம் கூடினால் அது சுழன்று சுவிட்சைத் தட்டும். ஸ்ட்ரீம் ஃபீடரில் அந்த இடத்தில் இயல்பாகவே இரண்டு தாள் படிந்திருக்கலாம். தாளின் நீளத்தையும் காவலன் இருக்கும் இடத்தையும் பொறுத்து இது மாறும். எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதே காகிதத்தின் துண்டுகளைச் செருகி, இயல்பான எண்ணிக்கை இடிக்காமல் போக வேண்டும், ஒன்று கூடினால் தட்ட வேண்டும் என்று திருகை வையுங்கள். ஜிடிஓ வகையில் ஒன்று போகும், இரண்டு தட்டும். காகிதம் மாறும் ஒவ்வொரு தடவையும் இதை மறுபடி வைக்க வேண்டும். அடிக்கடி நிற்கிறது என்று தளர்த்திவிட்டு ஓட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தான சிக்கனம்: கனத்த போர்டு இரண்டு மூன்றாக உள்ளே போனால் பிளாங்கெட் (படத்தைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) நசுங்கும், கிரிப்பர் (தாளின் முன்விளிம்பைக் கவ்வும் பிடி) வளையும்.

பழைய இயந்திரத்தில் செலவு செய்யத் தகுந்த மேம்பாடு ஒன்று சொல்லச் சொன்னால், அல்ட்ராசானிக் காவலனைச் சொல்வோம். இரண்டு தாளுக்கு இடையே உள்ள காற்றுப்படலம் ஒலியைப் பெரிதும் குறைப்பதை வைத்து அது கண்டுபிடிக்கிறது. தாளின் நிறமோ ஏற்கனவே அச்சான படமோ அதைக் குழப்பாது. ஒளியை ஊடுருவவிட்டுப் பார்க்கும் வகை, கருப்பு அடர்த்தியாக அச்சான தாளில் ஏமாறலாம்.

ஃபீட் போர்டு

இழுப்பு உருளையின்மேல் விழும் இரண்டு சின்ன உருளைகளும் ஒரே கணத்தில் விழ வேண்டும், ஒரே அழுத்தம் கொடுக்க வேண்டும். சோதனை எளிது: இரண்டின் கீழும் ஒரே அகலத் தாள் துண்டு வைத்து, இரண்டு கையாலும் இழுங்கள். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் தாள் கோணலாவது இங்கேதான். அழுத்தம் சரியாக இருந்தும் கோணல் வந்தால், உருளை ரப்பரில் ஒரு பக்கம் பளபளப்பேறி வழுக்குகிறதா பாருங்கள். துடைத்தும் போகவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

டேப்கள் எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்கட்டும். விரலால் நடுவில் அழுத்தினால் எல்லாம் ஒரே அளவு தாழ வேண்டும். ஒரு டேப் அறுந்தால் அதை மட்டும் மாற்றுவது பின்னால் தொல்லை தரும். பழையவை நீண்டிருக்கும், கனமும் தேய்ந்திருக்கும். தொகுப்பாக மாற்றுங்கள்.

அடுத்தது, போர்டில் தாளின்மேல் உருளும் சக்கரங்களின் இடம். இதைப் புதியவர்கள் குத்துமதிப்பாக வைப்பார்கள். முதல் தாளை இன்ச்சிங்கில் லே வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். இப்போது ரப்பர் சக்கரங்கள் தாளின் பின்விளிம்பைவிட்டு 1 முதல் 2 மி.மீ. விலகியிருக்க வேண்டும். இன்னும் தாளின்மேல் இருந்தால், லேயில் நின்ற தாளைத் தொடர்ந்து தள்ளி வளைக்கும். சைடு லே இழுக்கும்போதும் விடாது பிடிக்கும். பிரஷ் சக்கரங்கள் மட்டும் பின்விளிம்பை மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். தாள் லேயில் மோதிப் பின்னே துள்ளுவதை அவை தடுக்கும். இடது வலது சக்கரங்கள் சமச்சீராக இருக்க வேண்டும்.

லேயில் தாள் சேரும் நேரமும் முக்கியம். இன்ச்சிங்கில் பாருங்கள்: ஃப்ரண்ட் லேகள் முழுவதும் எழுந்து நின்ற கணத்தில் தாளின் முன்விளிம்பு சுமார் 5 மி.மீ. தொலைவில் இருப்பது நல்லது. அதற்கு முன்பே வந்தால் எழும் லேயில் இடித்து முன்விளிம்பு மடங்கும். மிகவும் தாமதமானால் கிரிப்பர் பிடிப்பதற்குள் தாள் நிலைகொள்ளாது. சீக்கிரத் தாள், தாமதத் தாள் ஆகியவற்றைப் பார்க்கும் ஒளிக்கண்கள் இங்கேதான் இருக்கின்றன. ஆன்டி செட்ஆஃப் பவுடர் (ஈர மை அடுத்த தாளில் ஒட்டாமல் இருக்கத் தூவும் தூள்) படிந்த கண் தாள் இருக்கும்போதே இல்லை என்று இயந்திரத்தை நிறுத்தும். ஒவ்வொரு ஷிப்டிலும் துடையுங்கள்.

லேகள்

ஃப்ரண்ட் லேயின் மேல்மூடிக்கும் ஃபீட் போர்டுக்கும் உள்ள இடைவெளி தாள் கனத்தைப் போல மூன்று மடங்கு. மூன்று துண்டுகளை ஒன்றாகச் செருகிப் பார்த்து வைக்கலாம். இறுக்கமானால் தாள் முழுவதும் உள்ளே போகாது, அகலமானால் முன்விளிம்பு அலையும். பல லேகள் உள்ள இயந்திரத்தில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைப்பதே நேர்வழி. அலை விளிம்புத் தாளில் இரண்டை மட்டும், தாள் அகலத்தில் ஓரத்திலிருந்து கால் பங்கு தள்ளி, பயன்படுத்தினால் நிலைப்பு கூடும்.

சைடு லே தாளை இழுக்கும் கணத்தில் தாளை வேறு எதுவும் பிடித்திருக்கக் கூடாது. ரப்பர் சக்கரம் விலகியிருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான். ஸ்பிரிங் அழுத்தம் தாளுக்கேற்ப: மெல்லிய தாளுக்கு இளகிய ஸ்பிரிங், போர்டுக்கு விறைப்பு. அழுத்தம் கூடினால் தாள் தடுப்பில் மோதி விளிம்பு வளையும், பின்னே துள்ளும். குறைந்தால் தடுப்பு வரை வராது. இழுக்கும் தூரம் 5 மி.மீ. அருகே நிற்கட்டும். 2 மி.மீ.க்குக் குறைந்தால் சற்றுக் கோணலாக வந்த தாள் தடுப்பில் ஏறிவிடும், 8 மி.மீ.க்கு மேல் போனால் வேகத்தில் இழுத்து முடிக்க நேரம் போதாது.

பிறகு சோதனை. ரிஜிஸ்டர் குறி உள்ள பிளேட்டில் 25 தாள் அடித்து, அதே வரிசையில் அதே திசையில் ஏற்றி, அதே பிளேட்டில் மறுபடி அடியுங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஃபீடரும் லேயும் சரி. பக்கவாட்டில் பிளந்தால் சைடு லே. மேல்கீழாக இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு பிளந்தால் தாள் வரும் நேரம் அல்லது துள்ளல். ஒரு ஓரத்தில் மட்டும் பிளந்தால் கோணல். டேப், உருளை பக்கம் போங்கள். முன்விளிம்பில் சரியாக இருந்து பின்விளிம்பில் மட்டும் விரிந்தால் அது ஃபீடர் வேலை இல்லை, காகிதம் ஈரத்தில் விரிந்திருக்கிறது. இந்தச் சோதனையை மணிக்கு 4,000 வேகத்தில் ஒருமுறையும், உண்மையில் ஓட்டப்போகும் வேகத்தில் ஒருமுறையும் செய்யுங்கள். மெதுவாக ஓடும்போது எந்தச் செட்டிங்கும் நல்ல செட்டிங்காகவே தெரியும்.

நிற்கும் இடத்தைப் பார்த்துக் காரணம் தேடுவது

தாள் எழவே இல்லை என்றால் அடுக்கு தாழ்ந்திருக்கும் அல்லது சக்கரில் கசிவு. எழுந்து முன்னே போகாமல் விழுந்தால் முன்தள்ளும் சக்கரின் ரப்பர், அல்லது இரண்டு சக்கர்களுக்கு இடையே கைமாறும் நேரத்தில் வால்வு அழுக்கு. ஒரே மூலை திரும்பத் திரும்ப மடிந்தால் அந்தப் பக்க முன்தடுப்பையும், போர்டின் தொடக்கத்தில் ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டிய டேப் துண்டுகூடப் போதும். பத்து தாளுக்கு ஒன்று கோணல் என்றால் காகிதம். எல்லாத் தாளும் ஒரே பக்கம் கோணல் என்றால் இயந்திரம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே தேடல் பாதியாகக் குறையும்.

வாரம் ஒருமுறை பம்ப் வடிகட்டியை ஊதிச் சுத்தம் செய்து, சக்கர்களைக் கழற்றி உள்ளே சேர்ந்த தூளை எடுத்து, டேப் உருளைகளைத் துடைத்துவிடுங்கள். ரப்பரில் மண்ணெண்ணெய் பட்டால் ஊறி உப்பும். அதற்கு உரிய கழுவும் திரவத்தையே பயன்படுத்தவும்.

மறுபக்கம் அடிக்கும்போது

முதல் பக்கம் நன்றாக ஓடிய செட்டிங் மறுபக்கத்தில் ஓடாது என்பதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். தாள் ஈரத்தாலும் மையாலும் வளைந்திருக்கும், மேலே ஆன்டி செட்ஆஃப் பவுடர் இருக்கும். பவுடர் சக்கர் வழியாக வால்வுக்குள் போகும், டேப்பில் படிந்து வழுக்கும். ஆர்ட் பேப்பரில் மை முழுவதும் காயவில்லை என்றால் சக்கர் வளையம் படத்தின்மேல் வட்டம் பதிக்கும். சக்கர் இடத்தை அச்சில்லாத ஓரத்துக்கு நகர்த்த முடியுமா பாருங்கள். ஏற்றுவதற்கு முன் அடுக்கை மறுபடி விசிறுங்கள். ஒட்டியிருக்கும் தாள்கள் கையிலேயே தெரிந்துவிடும்.

இடம் வலமாகப் புரட்டி அடிக்கும் வேலையில் கிரிப்பர் விளிம்பு மாறாது, ஆனால் சைடு லேயை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும்: ஆபரேட்டர் பக்கம் இருந்தால் கியர் பக்கம். தாளின் அதே விளிம்பு இரண்டு தடவையும் தடுப்பைத் தொட்டால்தான் முன்பின் பொருந்தும். அடுக்கையும் அந்தப் பக்கத்துக்கு 5 மி.மீ. கணக்கில் நகர்த்த மறக்காதீர்கள். முன்பின்னாகப் புரட்டும் வேலையில் சைடு லே அப்படியே இருக்கும், கிரிப்பர் விளிம்புதான் மாறும். தாள் நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் பின்பக்க ரிஜிஸ்டர் அதே அரை மில்லிமீட்டர் ஓடும். அப்படிப்பட்ட வேலைக்கு, முதல் பக்கம் அடிப்பதற்கு முன்பே காகிதத்தின் நான்கு பக்கமும் வெட்டி மட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கம் அச்சான பிறகு லேயில் இதைச் சரிசெய்ய வழியில்லை.